நாலாவது கொய்யாக்கன்று

"அத்தை, உண்மையச் சொல்லுங்க. நான் வேலைக்குப் போனதும் இதுக்குத் தண்ணி ஊத்துறீங்கதானே?"

சிவசங்கரி போன்சாய் தட்டை மாமியாரிடம் நீட்டினாள். கொய்யாக்கன்றின் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. மண்ணில் அழுகல் வாடை அடித்தது. ஏற்கெனவே மூன்று கன்றுகள் இப்படித்தான் செத்தன. அம்மா வீட்டு மரத்தை வெட்டுவதற்கு முன் எடுத்து வந்த விதையில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

"எனக்கு சீரியல் பாக்கவே நேரம் பத்தல. நீ பாட்டனி படிச்சவதானே, நீயே கண்டுபிடி" என்றாள் செல்வநாயகி.

"வாரத்துக்கு ரெண்டு தரம், அரை டம்ளர்தான் ஊத்துறேன். அப்புறம் எப்படி அழுகும்?"

"அத என்னை ஏன் கேக்குற?"

சிவசங்கரி பல்லைக் கடித்துக்கொண்டு கன்றை மண்ணோடு பெயர்த்து வைத்துவிட்டு, தட்டைக் கவிழ்த்தாள். தண்ணீர் வடிவதற்காக அடியில் இருந்த மூன்று ஓட்டைகளும் வெள்ளை சிமெண்டால் வழவழவென்று அடைக்கப்பட்டிருந்தன.

செராமிக் கம்பெனியிலிருந்து திரும்பிய மாமனார் குருமூர்த்தி, கவிழ்ந்த தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இப்பதான் பாத்தியாம்மா? நாலு தட்டையும் நாந்தான் அடைச்சேன். முப்பது வருசமா செக்கிங்குல ஓட்டை பீஸக் கழிச்சுப் போடுறவன் வூட்டுலயே ஒழுகுற தட்டா? நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

பையிலிருந்து புதுத் தட்டு ஒன்றை எடுத்து விரலால் தட்டினார். கணீரென்றது.

"உனக்குன்னே கேட்டு வாங்கினேன். ஊசி நுழைய எடம் இருக்காது!"

செல்வநாயகி உள்ளே போய், சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்து மருமகள் கையில் கொடுத்தாள்.