காட்டுக்குத் தெரிந்த ஆட்கள்

மஞ்சள் பயிரிட்ட காட்டில் புதைத்திருந்த நானூறு சென்சார்களுக்கும் பண்ணையாள் மயிலாத்தாள் ஒரே வாக்கியத்தில்தான் வேலை சொல்லியிருந்தாள்: "நம்ம ஆளுங்கள விட்டுட்டு, வேற யாரு கால் வெச்சாலும் சத்தம் போடுங்க." யார் நம்ம ஆள் என்பதை அவையே காலடிகளைக் கேட்டுக் கேட்டுத் தீர்மானித்துக்கொண்டன.

நான்கு வருடம் கழித்து, முதலாளி சென்னியப்பன் கோயமுத்தூரிலிருந்து வந்து வரப்பில் இறங்கினார். காடே அலறியது.

மயிலாத்தாள் பதறிப்போய் சத்தத்தை நிறுத்தினாள். முதலாளிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"அப்ப யாருதான் இதுக்கு நம்ம ஆளு?"

அவள் போன் வாசித்தது: "மயிலாத்தாள். களையெடுக்கும் ஏழு பெண்கள். தினமும் வரும் ஒரு காட்டுப்பன்றி."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் எத்தன நாள் நடக்கோணும்னு கேளு."

"கேக்கவே வேண்டாமுங்க," என்றாள் மயிலாத்தாள். "பன்னிக்கு நாப்பது நாளாச்சு."