மெஷின் கோளாறு

"மறுபடியும் மக்கர் பண்ணுது சார். கோடு தாறுமாறா வருது. இதோட மல்லுக்கட்டியே என் ஆயுசு போயிடும்!" என்று அலுத்துக்கொண்ட ஈ.சி.ஜி. டெக்னீஷியன், கூடவே இருமினார்.

"காய்ச்சலா?" என்றார் மெக்கானிக்.

"அது போன வாரமே விட்டுடுச்சு."

"விட்டாலும் ரத்தக்குழாய்ல வீக்கம் இருக்கலாம், நெஞ்சைக் கவனிங்கன்னு சுவத்துல நோட்டீஸ் போட்டிருக்கே?"

"ஒட்டினதே நான்தான். அது பேஷண்டுங்களுக்கு சார்!"

மெக்கானிக் சிரித்தபடி கட்டிலில் படுத்து, ஒயர்களைத் தன் மார்பிலேயே மாட்டிக்கொண்டார். கோடு சீராக ஓடியது.

"மெஷின் கிண்ணுனு இருக்கு. தாறுமாறா வந்தது எந்த பேஷண்டுக்கு?"

"பேஷண்ட் இன்னும் யாரும் வரலையே. தினமும் திறந்ததும், சரிபார்க்க முதல்ல எனக்குத்தான் எடுப்பேன்..."

டெக்னீஷியன் சுவரிலிருந்த நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தார்.

மெக்கானிக் அவசரமாக ஒயர்களைப் பிடுங்கிவிட்டு இறங்கினார்.

"பேசாம படுங்க. டாக்டரைக் கூப்பிடறேன்."