மாடியில் நின்ற தண்ணீர்

மாடியில் புது ஓடு பதித்த மறுநாளே பெருமழை பிடித்தது. சிமெண்ட் உள்ளே போகாமலிருக்க வடிகுழாயில் கொத்தனார் திணித்த சாக்கு அப்படியே இருந்தது. எஸ்தர் தோள்வரை கைவிட்டுத் துழாவினாள். சாக்கு இன்னும் ஆழத்துக்குப் போனதுதான் மிச்சம். தண்ணீர் படிவழியே கீழறைக்குள் இறங்கத் தொடங்கியது. அங்கே தரையில் விரித்த மெத்தையில் அவள் கணவர் தேவசகாயம் கிடந்தார். கழுத்துக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. தனியாக அவரைத் தூக்க அவளால் ஆகாது. கத்திப் பார்த்தாள், மழையில் யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் வெளியே போக வழிவிட, கடப்பாரையை எடுத்துக் கைப்பிடிச்சுவரின் அடியில் இடித்தாள். புது ஓடுகள் சிதறின.

"என்னத்தட்டி ஒடைக்க?" என்றார் அவர், கீழிருந்து.

"ஒண்ணுமில்ல. நீங்க ஒறங்குங்க."

இன்னும் நாலைந்து முறை இடித்தாள். சுவர் அசையவில்லை.

"எஸ்தரு, காதுல தண்ணி தட்டுது."

அவள் மறுபடி ஓங்கினாள். ஒரு செங்கல் லேசாக அசைந்தது.