ஐந்து மணிக்கு ரோமாபுரி

"அப்புறம் இன்னா ஆச்சுண்ணா? நேத்து ரோமாபுரியப் பாதி எரிய வுட்டுட்டு போனை வெச்சிட்டீங்களே!"

கோதண்டம் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"அது எரிஞ்சி முடிஞ்சிபோச்சும்மா. ஆயிரம் வருசம் தாண்டி வந்துட்டோம். இப்ப பெரிய பெரிய சர்ச்சு. ஜன்னல் பூரா கலர் கண்ணாடி. ஜனங்களுக்கு ஒரே பேஜாரான காலம். அதான் வெயிலுக்குச் சாயம் பூசி உள்ள வுட்டுக்கினாங்க."

மறுமுனையில் சபீஹா சிரித்தாள்.

எண்ணூருக்கு அப்பால், நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்ற சரக்குக் கப்பல் அது. வழக்கில் மாட்டியதும் மாலுமிகள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஏழு மாதமாகக் கோதண்டம் ஒருவர்தான் காவல். வாரம் ஒருமுறை நெட்டுக்குப்பத்துப் படகு வந்து அரிசியும் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போகும். கப்பல் கம்பெனியின் ராயபுரம் ஆபீசிலிருந்து சபீஹா என்ற பெண் தினமும் ஐந்து மணிக்கு போன் செய்து, கப்பல் பத்திரமா என்று கேட்பாள் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆரம்பத்தில் அரை நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அப்புறம் மறுநாள் ஐந்து மணி வரை அலைச் சத்தம்தான். ஒருநாள் கேப்டன் அறையில் அந்த உலக சரித்திரப் புத்தகம் கிடைத்தது. "படிச்சிக் காட்டவாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பேச்சு ஒரு மணி நேரமானது.

சீனத்து ராஜா ஒருவன், செத்த பிறகும் தனியாகப் படுக்கப் பயந்து எட்டாயிரம் மண் சிப்பாய்களைக் கூடவே புதைக்கச் சொன்ன கதை. கிரேக்க தேசத்தில், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரும்வரை பெண்டாட்டி சிலைக்குக் கை செதுக்க மாட்டார்கள் என்ற கதை. அதை மட்டும் சபீஹா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

வழக்கு முடிந்தது.

"நாளைக்குக் கரைக்கு வரேம்மா."

"நானும் நெட்டுக்குப்பம் வரேண்ணா. அந்த புக்கை ஒரு தபா கண்ணால பாக்கணும்!"

போனை வைத்துவிட்டுக் கோதண்டம் புத்தகத்தைக் கையில் எடுத்தார். புத்தகம் ஏதோ அயல்நாட்டு மொழியில் இருந்தது. ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது. படங்களைப் பார்த்துப் பார்த்து அவராக இட்டுக்கட்டியதுதான் அத்தனை சரித்திரமும். கடலில் வீசிவிடலாமா என்றுகூட நினைத்தார். கை வரவில்லை.

படகை விட்டு இறங்கியதும் "கோதண்டம் அண்ணாவா?" என்று கேட்டது அந்தக் குரல். சபீஹா புத்தகத்தை வாங்கிப் பிரித்தாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

"மன்னிச்சிடும்மா. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அல்லாமே நான் வுட்ட கதைதான். ஆபீஸ் வேலையா போன் பண்ண பொண்ணை, வைக்கவுடாம பொய் சொல்லிப் புடிச்சி வெச்சிக்கினேன்."

சபீஹா புத்தகத்தை மூடினாள்.

"நானும் ஒரு பொய் சொல்லிகினுதான் இருந்தேண்ணா. அந்த ஆபீஸ்ல என்னை வேலைய வுட்டு நிறுத்தி ஆறு மாசமாச்சு."