திறந்து பார்க்காத பெட்டிகள்

தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போவதைப் பற்றிய கணக்கெடுப்புக்காகப் பியூலா வீடு வீடாகப் போனாள். இந்த வருடம் எத்தனை தேனீப் பெட்டி போனது, எதனால் போனது என்று கேட்பாள். சிலர் அழுதார்கள். ஒருவர் அவளையே திட்டிவிட்டுப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

ரப்பர் தோட்டத்து ஓரமாகக் குடியிருந்த ஞானசிகாமணிதான் திருப்பிக் கேட்டார். “எனக்க பெட்டி ஒண்ணுவிடாம போச்சு. நீயும் தேனீ வளக்கியவதானே மக்கா? உனக்கு எத்தன போச்சு?”

இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

“தெரியாது மாமா. பெட்டி வாசல்ல தேனீ பறந்து கண்டு நாளாச்சு. நான் இன்னும் தொறந்து பாக்கல்ல.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தார்.

அவள் வீட்டுக்குப் பின்னால் பெட்டிகள் வெயிலில் நின்றன. முதல் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு, “தொறக்கட்டா?” என்றார்.

“கொஞ்சம் நில்லுங்க மாமா.”

பியூலா அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் மூடிமேல் வைத்தாள். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. அது வெயிலின் சூடா, உள்ளே உயிரோடிருக்கும் தேனீக்களின் சூடா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை எடுக்காமல் நின்றாள்.