சரளைப் பாதையில் நான்கு முட்டைகள்

காயலுக்கு நடுவே போகும் அந்தச் சரளைப் பாதையில் காரோ லாரியோ எட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஆள்காட்டிக் குருவி பாதையின் வலது ஓரத்தில், கல்லோடு கல்லாக, நான்கு முட்டைகள் இட்டிருந்தது. நரி வந்தால் எதிர்ப்பக்கம் ஓடிப்போய், "ஐயோ, என் முட்டை இங்கேதான்!" என்று கத்தும். நரியும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கே போய் ஏமாறும்.

ஒருநாள் காலையில் சைக்கிள் ஒன்று வந்தது. அப்படியோர் உருவத்தைக் குருவி கண்டதே இல்லை. உடனே இடது ஓரத்துக்கு ஓடிச் சிறகடித்தது.

"ஐயோ, என் முட்டை இங்கேதான்!"

அது டவுனில் ஓடிய சைக்கிள். சத்தம் கேட்ட பக்கத்தைவிட்டு ஒதுங்கியே பழகியது. "பயப்படாதே தாயி! உன் முட்டைமேல ஏறுவேனா? இதோ, இந்த ஓரமாப் போயிடறேன்" என்று வலது பக்கம் திரும்பியது.

குருவிக்குப் பாதி உயிர் போய்விட்டது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. அவசரத்தில் பழகிய சொல்தான் வந்தது.

"இங்கேதான்! இங்கேதான்!"

"புரியுது தாயி, புரியுது" என்று சைக்கிள் இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கியது.