ஆள் இல்லாத அறை

"உள்ளே யாரும் இருக்க மாட்டாங்கதானே சார்?" ஏணி மேலிருந்து கேட்டாள் அந்தப் பெண். தீயணைப்பு சிலிண்டர் பொருத்துவது அவள் தொழில்.

"செடிங்க மட்டும்தான் மேடம்," என்றார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த முதலாளி.

ஜன்னலே இல்லாத அறை. அடுக்கடுக்கான தட்டுகளில் ஊதா வெளிச்சத்தைக் குடித்தபடி கீரைகள். தண்ணீர் விட பம்பு, விளக்குக்கு டைமர். பூட்டிவிட்டுப் போனாலும் அது பாட்டுக்கு விளையும்.

"நல்லாக் கேட்டுக்குங்க. புகை வந்தா மணி அடிக்கும், கரண்ட் நிக்கும், அரை நிமிஷத்துல கேஸ் இறங்கும். நெருப்புக்கு மூச்சு முட்டும். மனுஷன் இருந்தா அவனுக்கும்தான்."

"ஆள் தூங்கிட்டிருந்தா?"

ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "இங்கே வந்து யார் சார் தூங்கப் போறாங்க?"

முதலாளியின் பார்வை அறையின் மூலைக்குப் போனது. அவள் மேலிருந்தே கண்ணை ஓட்டினாள். கடைசி அடுக்குக்குப் பின்னால் ஒரு பாய், தலையணை, டம்ளரில் ஒரு டூத்பிரஷ்.

மளமளவென்று இறங்கினாள்.

"யார் படுக்கறது?"

"அது... வாட்ச்மேன்னு வெச்சுக்குங்களேன்."

"வெச்சுக்கறதா? நாலு தட்டு கீரைக்காக ஒரு மனுஷனை இந்தப் புழுக்கத்துல போட்டுப் பூட்டுவீங்களா? மனசாட்சி வேண்டாமா சார்?"

அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முன்னாடி வேற இடத்துல இருந்தோம். டைமர் பிளக் உருகித் தீப் பிடிச்சுக்கிச்சு. யாரும் இல்லாத நேரம். ஓடி வந்து பார்த்தப்போ சாம்பல்தான் மிச்சம். பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும் கருகிடுச்சு. அந்த வீட்டுல தொட்டில்ல ஒரு குழந்தை. நல்லவேளை, தூக்கிட்டு ஓடிட்டாங்க. இங்கே வந்ததுலேர்ந்து அவர் இந்த அறையை விட்டு அசையறதில்ல."

"நீங்க சொல்லித்தானா?"

"யாரும் சொல்லல. அவராத்தான். பாய் விரிப்பாரே தவிர, தூங்கறது எங்கே? எழுந்து எழுந்து ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பார்ப்பார், சூடா இருக்கான்னு."

அவள் அந்தப் பாயைத் திரும்பிப் பார்த்தாள். "குடும்பம் இருக்கா?"

"பொண்டாட்டி, ஒரு பொண்ணு. குளிச்சுத் துணி மாத்த வீட்டுக்குப் போவார். பொண்ணு காலைக் கட்டிக்கும். பிச்சுக்கிட்டு வந்துடுவார்."

"சம்பளமாவது ஒழுங்காக் கொடுக்கறீங்களா?"

"அவருக்குன்னு எதுவும் மிஞ்சறதில்ல மேடம்."

"நல்லா இருக்கு நியாயம்!" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதோ பாருங்க. இந்த சிலிண்டர் காவல் இருக்கறதே ஆள் இல்லாத அறைக்குத்தான். அந்த மனுஷன் பாயைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்குப் போற வரைக்கும் நான் வால்வைத் திறக்க மாட்டேன்."

"இது இருந்தா... அவர் நிஜமாவே நிம்மதியாப் போய்த் தூங்கலாமா?"

குழந்தை கேட்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி. அவள் குரல் தணிந்தது.

"தூங்கலாம் சார். பழைய பிளக்கையெல்லாம் மாத்திட்டேன். புகை கிளம்பினா உங்க ரெண்டு பேர் போனுக்கும் தகவல் வரும். நீங்க வந்து சேர்றதுக்குள்ள நெருப்பு அடங்கியிருக்கும்."

"நான் சொன்னா அவர் மனசு கேட்காது மேடம்."

"அப்போ நான் சொல்றேன். கூப்பிடுங்க அவரை."

அவர் தயங்கினார்.

"சரி, அவர் பொண்டாட்டி நம்பர் இருக்கா? அங்கே சொன்னா நடந்துடும்."

முதலாளி போனை எடுத்து எண்ணை அழுத்தி, அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, வணக்கம். உங்க வீட்டுக்காரர் காவல் இருக்கற கீரை அறையிலேர்ந்து பேசறேன். இங்கே தீயணைப்பு சிலிண்டர் மாட்டியாச்சு. இனிமே அவர் இங்கே படுக்கத் தேவையில்ல, படுக்கவும் கூடாது. வீட்டுக்கு அனுப்பிடணும்னு முதலாளிகிட்டயும் கறாராச் சொல்லிட்டேன்."

மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல் உடைந்து வந்தது.

"எந்த முதலாளிம்மா? அங்கே முதலாளி, கூலியாள், காவக்காரன் எல்லாமே என் வீட்டுக்காரர் ஒருத்தர்தானே! பக்கத்துல நின்னா, இப்பவே அனுப்பி வெச்சிடும்மா!"